டிராகோனியன்: சட்டம் வகுத்த ஒருவரின் பெயர் வசைச்சொல்லான கதை

ஆங்கில நாளிதழ்களில் ஒரு சட்டத்தைத் திட்டுவதற்கு முதலில் வந்து விழும் சொல் 'டிராகோனியன்'. அதே செய்தி தமிழில் வரும்போது கறுப்புச் சட்டம், கொடுங்கோல் சட்டம், அடக்குமுறைச் சட்டம், கொடூரச் சட்டம் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். கோபம் எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்தச் சொல் சுட்டும் குற்றம் என்னவென்பது மட்டும் நழுவிவிடுகிறது.

பலர் இதை டிராகன் என்ற கற்பனை விலங்கோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். சொல்லின் வேர் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'திராக்கோன்' என்றால் பாம்பு. ஆனால் பெயரடை பிறந்தது விலங்கிலிருந்து அல்ல, அந்தப் பெயர் வைத்திருந்த மனிதரிடமிருந்து. ஏதென்ஸ் நகரத்துக்கு முதன்முதலில் எழுத்தில் சட்டம் வகுத்துத் தந்தவர் டிராக்கோ. காலம் ஏறத்தாழ கி.மு. 621. இந்தப் பெயர்ப் பொருத்தத்தைக் கிரேக்கர்களே கிண்டல் செய்திருக்கிறார்கள். இவை மனிதனின் சட்டங்கள் அல்ல, பாம்பின் சட்டங்கள் என்று ஒருவர் சொன்னதாக அரிஸ்டாட்டில் குறித்து வைத்திருக்கிறார்.

அப்படி என்ன கொடுமை? பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியதைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாக் குற்றத்துக்கும் ஒரே தண்டனை, மரணம். வேலை செய்யாமல் சோம்பியிருந்தவருக்கும் மரணம். காய்கறியோ பழமோ திருடியவருக்கும், கோயிலில் கொள்ளையடித்தவருக்கும், கொலைகாரருக்கும் அதே மரணம். ஏன் இப்படி என்று டிராக்கோவிடம் கேட்டார்களாம். சின்னக் குற்றங்களுக்கு இதுவே தகும், பெரிய குற்றங்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்னிடம் இல்லை என்றாராம். இந்தச் சட்டங்கள் மையால் அல்ல, இரத்தத்தால் எழுதப்பட்டவை என்று பிற்காலத்தில் டெமாடீஸ் என்ற பேச்சாளர் சொன்னது இன்றுவரை மேற்கோளாக ஓடுகிறது.

கி.மு. 594-ஐ ஒட்டி சோலோன் என்ற ஏதென்ஸ் தலைவர் ஆட்சிப் பொறுப்புக்கு வந்ததும் இவற்றை நீக்கினார். கொலை பற்றிய சட்டத்தை மட்டும் விட்டுவைத்தார். அந்தச் சட்டம்தான் நமக்கு ஒரு ஆச்சரியத்தை வைத்திருக்கிறது. கி.மு. 409-ஐ ஒட்டி ஏதென்ஸ்காரர்கள் அதைக் கல்லில் மறுபடி வெட்டி நட்டார்கள். அந்தக் கல் சிதைந்த நிலையில் இன்றும் ஏதென்ஸின் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது? முன்கூட்டி நினைக்காமல் ஒருவரைக் கொன்றுவிட்டவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இறந்தவரின் தந்தை, சகோதரர்கள், மகன்கள் எல்லோரும் சம்மதித்தால் அவரை மன்னிக்கலாம். ஒருவர் மறுத்தாலும் மன்னிப்பு கிடையாது. தெரிந்து செய்த கொலைக்கும் தெரியாமல் செய்த கொலைக்கும் வேறுபாடு பார்த்த சட்டம் இது. குடும்பங்கள் பழிக்குப் பழி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய காரியம். பிரபுக்களின் வாய்ச்சொல்லாக இருந்த நீதி, எல்லோரும் பார்க்கும் எழுத்தாக மாறியதும் இவர் காலத்தில்தான். அந்த நல்ல பெயர் அவருக்குச் சேரவே இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, தமிழுக்கு வருவோம். கறுப்புச் சட்டம் என்பது நம் நாட்டுப் போராட்டத்தில் விளைந்த சொல். 1919-இல் வந்த ரௌலட் சட்டத்தை அப்படித்தான் அழைத்தார்கள். அது எதிர்ப்பின் பெயர். தண்டனையின் அளவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கொடுங்கோல் என்றால் வளைந்த கோல், அதாவது நீதி கோணிய ஆட்சி. டிராக்கோவின் மீதுள்ள குற்றச்சாட்டு கோணல் அல்ல, மிகை. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு குற்றத்தைவிடப் பல மடங்கு கனமாக இருந்தது.

வள்ளுவர் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார். கொடுங்கோன்மை ஓர் அதிகாரம். அதை அடுத்து, மக்கள் அஞ்சி நடுங்கும்படி ஆளாதே என்று சொல்லும் வெருவந்த செய்யாமை இன்னோர் அதிகாரம். நமக்கு வேண்டிய சொல் இரண்டாவதில் இருக்கிறது: "கடுமொழியும் கையிகந்த தண்டமும் வேந்தன் அடுமுரண் தேய்க்கும் அரம்." கையிகந்த தண்டம் என்றால் அளவு கடந்த தண்டனை. அது அரசனின் வலிமையையே அராவித் தேய்த்துவிடும் என்கிறார். டிராகோனியனுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

செய்தித்தாளில் 'கையிகந்த' என்று எழுதினால் வாசகர் தடுமாறலாம். அங்கே 'அளவு மீறிய தண்டனைச் சட்டம்', 'குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை' என்று எழுதலாம். விதிமுறைகளைச் சொல்லும்போது 'வரம்பு மீறிய கடுமை' போதும். தேர்வுக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்த மாணவரை ஓராண்டு முழுக்க விலக்கிவைக்கும் விதி இருந்தால், அது டிராகோனியன். அதே விதியை வேண்டியவருக்கு வளைத்து வேண்டாதவருக்கு மட்டும் பாய்ச்சினால், அப்போது கொடுங்கோல் என்று எழுதுங்கள்.