படலைக்குக் குறுக்கே நிற்கும் அயலவரின் வாகனம்: யாரிடம், எப்படி முறையிடலாம்?

யாழ்ப்பாணத்தின் பெரும்பாலான ஒழுங்கைகள் சைக்கிளுக்கும் மாட்டுவண்டிக்கும் அளவாக விடப்பட்டவை. அதே ஒழுங்கைகளுக்குள் இன்று ஹயஸ் வான்களும், ஓட்டோக்களும், விடுமுறைக்கு வந்த உறவினர் வாடகைக்கு எடுத்த கார்களும் நுழைகின்றன. ஒருவர் தன் மதிலோரம் நிறுத்திய வாகனத்தின் பின்பகுதி அடுத்த வீட்டுக் கேற்றை மறித்து நிற்பது இதனால் அன்றாடக் காட்சியாகிவிட்டது. இதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. ஆனால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது, வாகனம் நிற்கும் நிலம் யாருடையது என்ற ஒரே கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நேரே பொலிசுக்குச் செல்பவர்களே அதிகம் அலைகிறார்கள்.

எனவே முதலில் காணியின் உரித்தைக் காட்டும் பத்திரமான உறுதியை எடுத்துப் பார்க்க வேண்டும். காணியின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், வாசல் திறக்கும் பக்கத்துக்கு "வீதி" என்று எழுதப்பட்டிருக்கிறதா, "ஒழுங்கை" என்று எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது இன்னொருவரின் பெயர் குறிப்பிடப்பட்டு, அவருடைய காணியூடாக "வழிவாய்க்கால் உரித்து" (போய்வரவும் நீர் கொண்டுசெல்லவும் உள்ள உரிமை) என்று சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். நில அளவைப் படம் இருந்தால் ஒழுங்கையின் அகலமும் அதில் இருக்கும். உறுதியில் தெளிவில்லையென்றால், அந்த ஒழுங்கை தமது வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று மாநகர சபையிடமோ, நகர சபையிடமோ, பிரதேச சபையிடமோ எழுத்தில் கேட்கலாம். சபை வாய் திறக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

பொது வீதி அல்லது சபைக்குச் சொந்தமான ஒழுங்கை என்றால் விடயம் ஓரளவு இலகுவானது. பிறருக்கு இடையூறாக வாகனத்தை வீதியில் நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதால், பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவு நேரடியாகத் தலையிடலாம். அவசரத்தில், உதாரணமாக நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டிய வேளையில் வழி அடைபட்டிருந்தால், 119 ஐ அழைக்கலாம். இடையூறு நிரந்தரமாகத் தொடர்ந்தால், பொதுவழியில் உள்ள தடையை அகற்றும்படி நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆவது பிரிவு நீதவானுக்கு வழங்குகிறது. பழுதடைந்த லொறியை மாதக்கணக்கில் ஒழுங்கையிலேயே விட்டுவைப்பவர்களுக்கு இந்தப் பிரிவே பொருத்தமானது.

இதில் நம் பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கேற்றுக்கு முன்னால் இருக்கும் வீதி கேற்றுக்காரருக்குச் சொந்தமல்ல. உங்கள் வாகனம் போய்வர இடம் விட்டு, எதிர்ப்பக்க மதிலோரமாக அயலவர் நிறுத்தினால், அது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாமே தவிர, பெரும்பாலும் குற்றமாகாது. அதேபோல, பிறர் நிறுத்தக்கூடாது என்பதற்காகச் சபையின் வீதியில் பெரிய கற்களையும் பனங்குற்றிகளையும் போட்டுவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் நிறையவே உண்டு. அப்படிச் செய்தால் இடையூறு விளைவித்தவர் என்ற பெயர் நமக்கே வந்துசேரும். ரயரின் காற்றைத் திறந்துவிடுவதும் கண்ணாடியைக் கீறுவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி சேதம் விளைவித்த குற்றமாகலாம். முறைப்பாட்டாளராக உள்ளே போனவர் எதிராளியாக வெளியே வருவது இப்படித்தான்.

சிக்கல் கூடியது தனியார் ஒழுங்கைதான். சகோதரர்களுக்குச் சீதனமாகவும் நன்கொடையாகவும் ஒரே வளவு பிரிக்கப்படும்போது நடுவே விடப்படும் பொது ஒழுங்கையில் பங்காளர் அனைவருக்கும் உரித்து உண்டு. தனக்கும் பங்கு இருக்கிறது என்பதற்காக, மற்றவர்கள் போய்வர முடியாதபடி அதைத் தன் வாகனத் தரிப்பிடமாக்க எந்தப் பங்காளருக்கும் உரிமை இல்லை. மற்றொருவரின் காணியூடாக உங்களுக்குப் பாதை உரிமை மட்டும் இருந்தால், நிலம் அவருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையை அவர் மறிக்கக்கூடாது. ஆனால் அந்த உரிமை எவ்வளவு என்பதை உறுதியின் சொற்களே தீர்மானிக்கும். மூன்றடி நடைபாதை என்று எழுதப்பட்ட இடத்தில் கார் போக வழி கேட்க முடியாது. நடந்து போக இடம் விட்டு அவர் வாகனத்தை நிறுத்தியிருந்தால் உங்கள் வழக்கு வலுவிழந்துவிடும். உறுதியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல், தடையின்றி, அனுமதி கேட்டுப் பெறாமல், உரிமையாகவே பாதையைப் பாவித்து வந்திருந்தால், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்த உரிமையைக் கோர இடமுண்டு. "கேட்டுத்தான் போனவை" என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் கோரிக்கை விழுந்துவிடும்.

தனியார் ஒழுங்கைப் பிணக்கில் பொலிசார் செய்யக்கூடியது குறைவு. சிறு முறைப்பாட்டுப் பிரிவில் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். இணங்காவிட்டால், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்வார்கள். இருந்தும் முறைப்பாட்டைப் பதிவுசெய்து அதன் இலக்கத்தைப் பெற்றுவைப்பது பின்னர் பயன்படும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்பதால் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையொப்பமிட வேண்டாம்.

ஊரில் பலர் இன்றும் இணக்க சபை என்றே அழைக்கும் மத்தியஸ்த சபை, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவானது. ஒழுங்கைச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது என் எண்ணம். ஏனென்றால் வழக்கில் வென்றாலும் தோற்றாலும் அடுத்த நாள் காலையிலும் அதே ஒழுங்கையில்தான் இருவரும் முகம் பார்க்க வேண்டும். உங்கள் பகுதிச் சபையின் தவிசாளருக்கு, நடந்ததைச் சுருக்கமாக எழுதி விண்ணப்பிக்க வேண்டும். சபை கூடும் இடத்தையும் நாளையும் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறியலாம். வழமையாக மூன்று மத்தியஸ்தர்கள் அமர்ந்து கேட்பார்கள். சட்டத்தரணிகள் தோன்ற முடியாது; நீங்களே பேச வேண்டும். அங்கே சொன்னதைப் பின்னர் நீதிமன்றில் உங்களுக்கு எதிரான சான்றாகக் காட்ட முடியாது என்பதால் மனம்விட்டுப் பேசலாம். உடன்பாடு ஏற்பட்டால் அது எழுத்தில் வரும். ஏற்படாவிட்டால் "இணக்கம் ஏற்படவில்லை" என்ற சான்றிதழ் கிடைக்கும். சட்டம் குறிப்பிடும் வகைப் பிணக்குகளில் இந்தச் சான்றிதழ் இல்லாமல் வழக்கைத் தொடர முடியாது.

உடன்பாட்டை எழுதும்போது "இடையூறு செய்யமாட்டேன்" போன்ற பொதுவான வரிகளோடு விட்டுவிடாதீர்கள். கேற்றின் இரு பக்கமும் எத்தனை அடி விடப்படும், விருந்தினர் வந்தால் எங்கே நிறுத்துவார்கள், வீட்டில் விசேஷம் என்றால் எத்தனை மணிவரை என்பவை எழுதப்பட வேண்டும். பெரும்பாலும் கோபம் கிளம்புவது அயலவரின் சொந்த வாகனத்தால் அல்ல, அவரிடம் வருபவர்களின் வாகனங்களால்தான். ரியூட்டரி நடத்தும் வீடுகளுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இது நன்கு தெரியும்.

இத்தனைக்கும் முன்னதாக ஒருமுறை நேரில் பேசிப் பார்ப்பதும் நல்லது. "அண்ணை, காலமை ஏழு மணிக்குப் பிள்ளையை ஏத்திக்கொண்டு வெளிக்கிட வேணும், அதுக்கு முதல் வானை ஒருக்கா முன்னுக்கு எடுத்துவிடுங்கோ" என்று நேரத்தைச் சொல்லிக் கேட்டால், பலர் எடுத்துவிடுகிறார்கள். கேட்டும் பயனில்லையென்றால், திகதியும் நேரமும் பதிவாகும் விதத்தில், கேற்றும் வாகனமும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி படம் எடுத்துவையுங்கள்.

பேச்சு கைகலப்பாக மாறும் நிலை வந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆவது பிரிவு உதவும். அமைதிக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கைப் பொலிசார் நீதிமன்றில் அறிக்கையிடலாம்; அவர்கள் செய்யாவிட்டால் சத்தியக்கடதாசியுடன் நீங்களே தகவல் தாக்கல் செய்யலாம். பாதை உரிமை குறித்த பிணக்கை நீதிமன்றம் 69 ஆவது பிரிவின் கீழ் தீர்மானிக்கும். நீதிமன்றமும் முதலில் இணக்கத்துக்கே முயலும். முடியாவிட்டால் சுருக்கமுறையில், மூன்று மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அது நீண்டுவிடுவதும் உண்டு. இந்தக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு கிடையாது. ஆனால் அது தற்காலிக ஏற்பாடே என்பதால், பாதையின் நிரந்தர உரித்தை இரு தரப்பில் எவரும் பின்னர் மாவட்ட நீதிமன்றில் நிலைநாட்டிக்கொள்ளலாம்.