தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா?

மார்ச் முதல் வாரத்தில் என் அக்கா மகள் போனில் கூப்பிட்டாள். "சின்னாத்தா, நாள் தள்ளிப் போயிருக்கு. வீட்லயே டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், ரெண்டு கோடு வந்திருச்சு." தேவகோட்டை வீட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் ஆத்தாவிடம் போனைக் கொடுத்தேன். சந்தோஷத்தில் ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாயிலிருந்து முதலில் வந்தது கணக்குதான்.

"ஏத்தா, கடைசியா எப்போ முழுகினே?"

"செவ்வாய்ப் பொங்கல் முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை ஆயா."

ஆத்தா விரலை மடக்கினார். தை, மாசி, பங்குனி என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பத்தாவது விரல் ஐப்பசியில் நின்றது. "ஐப்பசியில பிள்ளை. தீபாவளியை ஒட்டி வரும்." அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேள்வி: தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா? தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஆள் வேண்டும், லீவு போட வேண்டும். அதனால் கேள்வியில் நியாயம் இருந்தது.

ஆத்தாவின் விரல் கணக்கும் மருத்துவமனை அட்டையில் எழுதும் 'உத்தேச பிரசவ தேதி'யும் பிறந்த இடம் ஒன்றுதான். 'முழுகாமல் இருக்கிறாள்' என்ற நம் சொல்லையே பாருங்கள். மாதவிலக்கு முடிந்து தலைக்கு முழுகுவது மாதா மாதம் நடப்பது. அது நின்றால் கர்ப்பம். கரு எந்த நாளில் உண்டானது என்பது கண்ணுக்குத் தெரியாது. முழுக்கு நின்றது தெரியும். கண்ணுக்குத் தெரிந்த கடைசி அடையாளத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். மருத்துவமும் இன்றுவரை அதைத்தான் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அது முக்கியமானது. ஆத்தா முழுகிய நாளைக் கேட்பார். நர்ஸம்மா ரத்தம் பட்ட முதல் நாளைக் கேட்பார். எங்கள் பெண்ணுக்கு முழுகியது ஜனவரி 25, ஞாயிறு. தூரமானது 22, வியாழன். மூன்று நாள் இங்கேயே வித்தியாசப்படுகிறது. தேதி கேட்டால் முதல் நாளைச் சொல்லுங்கள்.

தேதி நினைவில்லாதவர்களுக்கும் வழி உண்டு. எங்கள் பக்கம் திருவிழாக்களுக்குக் குறைவில்லை. பிள்ளையார் நோன்புக்கு முன்னாலா? கொப்புடையம்மன் தேருக்கு எத்தனை நாள் கழித்து? இப்படிக் கேட்டாலே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் பிடித்துவிடலாம். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்த்து நோன்புக்கு நாள் எண்ணும் ஊர் இது. நாள் எண்ணுவது எங்கள் பெண்களுக்குப் புதிதில்லை. நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், தைப் பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் செவ்வாயன்று. 2026இல் அது ஜனவரி 20. அதற்கு இரண்டாம் நாள்தான் எங்கள் கணக்கின் தொடக்கம்.

இனி சூத்திரம். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த பிரான்ஸ் நேகெலே (1778–1851) பரப்பிய விதி இது: கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 7 நாள் கூட்டு, பிறகு 3 மாதம் பின்னால் போ, வருடம் ஒன்று கூட்டு. ஜனவரி 22உடன் 7 கூட்டினால் 29. மூன்று மாதம் பின்னால் போனால் அக்டோபர் 29. ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தாலும் ஜனவரி 22இலிருந்து 280ஆவது நாள் அதே அக்டோபர் 29தான். நர்ஸம்மா கையில் வைத்துச் சுழற்றும் அட்டைச் சக்கரமும், போனில் இருக்கும் ஆப்களும் உள்ளே செய்வது இதைத்தான்.

280 நாள் என்பது 40 வாரம். 28 நாள் கொண்ட மாதங்களாக எண்ணினால் பத்து மாதம். காலண்டரில் பார்த்தால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும்தானே, பிறகு ஏன் பத்து மாதம் சுமந்தாள் என்கிறோம் என்று பலர் கேட்பார்கள். நாம் தொடங்கும் மாதத்தையும் முடியும் மாதத்தையும் சேர்த்து எண்ணுகிறோம். தையில் தொடங்கி ஐப்பசியில் முடிந்தால் விரல் பத்து. பத்து மாதம் என்பதைக் கவிதைக்காகச் சொன்னது என்று நினைத்துவிடக் கூடாது, அது சரியான கணக்கு.

ஆடி மாதத்தில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கும் வழக்கத்திலும் இதே கணக்கு இருக்கிறது. கரு உண்டான நாளிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 266 நாள். ஆடி முதல் தேதி ஜூலை 17 என்று வைத்துக்கொண்டால், அன்று உண்டான கரு ஏப்ரல் 9 வாக்கில் பிறக்கும். ஆடிக் கடைசியில் உண்டானது மே 9 வாக்கில். ஏறக்குறைய முழுச் சித்திரை. காரைக்குடிச் சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத காலத்தில், பச்சை உடம்புக்காரியும் பச்சைப் பிள்ளையும் படும் பாட்டை நினைத்துப் பார்த்தவர்கள் யாரோ இதை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வழக்கம் இன்று தேவையா என்பது வேறு பேச்சு. கணக்கு துல்லியமாக இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

280க்கும் 266க்கும் இடையே இருக்கும் அந்த 14 நாளில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. மாதவிலக்குச் சுழற்சி சரியாக 28 நாள், அதில் 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று நேகெலே விதி எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் எல்லா உடம்பும் அப்படி இல்லை. சுழற்சியை இரண்டு பாதியாகப் பாருங்கள். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரை உள்ள பாதி, பெரும்பாலான பெண்களுக்கு 14 நாளை ஒட்டியே இருக்கும். முட்டை முதிர்வதற்கு எடுக்கும் முன்பாதிதான் நீளும், குறுகும். சுழற்சி 35 நாளாக இருந்தால் முட்டை 21ஆம் நாள் வாக்கில் வெளிவரும். அப்போது பிரசவ தேதியையும் ஏழு நாள் தள்ளிப் போட வேண்டும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கும் பெண்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி கருத்தரித்தவர்கள், கருத்தடை மாத்திரையை அப்போதுதான் நிறுத்தியவர்கள் ஆகியோருக்கு இந்த விதி இன்னும் தடுமாறும். சிலருக்குக் கரு பதியும் நாட்களில் லேசாக ரத்தம் படும். அதை மாதவிலக்கு என்று நினைத்து எண்ணினால் கணக்கில் மூன்று நான்கு வாரம் தவறிவிடும்.

எங்கள் பெண்ணுக்குச் சுழற்சி 35, 36 நாள். அதனால் ஆத்தாவின் கணக்கையும் நேகெலேயின் கணக்கையும் அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. "மூணாவது மாசம் முடியறதுக்குள்ள ஒரு ஸ்கேன் எடுத்துரு ஆத்தா" என்று அவளிடம் சொன்னேன்.

ஸ்கேனுக்கும் ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்துக்குள் இருக்கும் விரிசலை ஒலியால் கண்டுபிடிக்கும் கருவி ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் இருப்பதை அறிந்தார். 1955இல் அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் எடுத்துப்போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். உலோகத்தில் விரிசல் தெரிவது போல உடம்பில் கட்டி தெரிந்தது. 1958இல் அவரும் அவரது குழுவினரும் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் கருவின் படமும் இருந்தது. வேலை செய்யும் விதம் எளிது. வயிற்றில் வைக்கும் கருவிக்குள் இருக்கும் படிகம் நொடிக்கு 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் முறை வரை அதிர்ந்து ஒலி அனுப்புகிறது. நம் காதுக்கு அது கேட்காது. எலும்பு, சதை, நீர் என்று ஒவ்வொன்றின் எல்லையிலும் மோதி ஒலி திரும்பி வருகிறது. உடம்புக்குள் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். எத்தனை நேரத்தில் திரும்பியது என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. பயந்துகொண்டு முதல் ஸ்கேனைத் தள்ளிப் போடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். இயந்திரம் தேதியைப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் அளக்கிறது. அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன் என்ற மருத்துவர் 1973இல், கருவின் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையிலான நீளத்தை அளந்தால் வயதைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். ரிப்போர்ட்டில் 'சி.ஆர்.எல்.' என்று போட்டிருப்பது அந்த நீளம்தான். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், நாளுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக வளர்கிறது. அப்பா உயரமா, அம்மா குள்ளமா என்பதெல்லாம் அப்போது வெளியே தெரியாது. நாற்றங்காலில் நிற்கும் நாற்று போல என்று சொல்லலாம். விதைத்த சில நாளில் எல்லா நாற்றும் ஒரே உயரம். உயரத்தைப் பார்த்தே எப்போது விதைத்தது என்று விவசாயி சொல்லிவிடுவார். பிடுங்கி நட்ட பிறகு கண்மாய்த் தண்ணீர் பாய்ந்த வயலில் ஓர் உயரம், மேட்டு வயலில் ஓர் உயரம். அப்போது உயரத்தை வைத்து நாள் சொன்னால் தப்பாகும்.

ஏப்ரல் 2ஆம் தேதி அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மாதவிலக்குக் கணக்குப்படி அன்று சரியாக 10 வாரம். ஸ்கேனில் நீளம் 22 மில்லிமீட்டர். அட்டவணைப்படி அது 62 நாள் கரு, அதாவது 8 வாரம் 6 நாள். எட்டு நாள் குறைவு. "பிள்ளை வளரலியா சின்னாத்தா?" என்று அழுகிற குரலில் கேட்டாள். வளர்ச்சியில் குறையே இல்லை, இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. அவளுடைய 36 நாள் சுழற்சியில் முட்டை எட்டு நாள் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் இரண்டு கணக்குக்கும் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது பரவலான நடைமுறை. தேதி நவம்பர் 6க்கு மாறியது. தீபாவளி நவம்பர் 8. ஆத்தா 'ஒட்டி வரும்' என்று சொன்னது நேகெலேயை விடக் கிட்டத்தில் இருந்தது!

எங்கள் தெருவில் ஒரு பெண் மூன்று ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்து வந்து, மூன்றிலும் மூன்று தேதி போட்டிருக்கிறதே, எது சரி என்று கேட்டாள். அவள் குழப்பம் பலருக்கும் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் தலையின் அகலம், சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து இயந்திரம் தானாகவே ஒரு தேதி போடும். அதில் ஒரு வாரம், பத்து நாள் முன்பின் இருக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் எடுத்ததில் மூன்று வாரம் வரைகூட முன்பின் ஆகும். அதற்குள் குழந்தைகள் அவரவர் உடல்வாகுக்கு வளரத் தொடங்கியிருப்பார்கள். சர்க்கரை உள்ள தாயின் குழந்தை பெரிதாக இருக்கலாம், ரத்தக் கொதிப்பு உள்ள தாயின் குழந்தை சிறுத்திருக்கலாம். ஆகவே முதல் ஸ்கேனில் உறுதியான தேதியே கடைசி வரை தேதி. எட்டாம் மாத ஸ்கேனில் குழந்தை சின்னதாகத் தெரிகிறது என்று தேதியைத் தள்ளிப் போட்டால், உண்மையிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தையை 'வயது குறைவு' என்று தவறவிட்டுவிடுவோம். எனக்கு இது மிகவும் கவலை தரும் விஷயம்.

முதல் ஸ்கேனைத் தவறவிட்டவர்களும் நம் ஊரில் நிறைய. கிராம சுகாதார செவிலியர் டேப் வைத்து வயிற்றை அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு கருப்பையின் உயரம் சென்டிமீட்டரில் எவ்வளவோ, ஏறக்குறைய அத்தனை வாரம். 20 வாரத்தில் தொப்புள் மட்டத்துக்கு வந்துவிடும். பிள்ளை துடிப்பு தெரிவது தலைப்பிரசவத்தில் 18 முதல் 20 வாரத்தில், அடுத்தடுத்த கர்ப்பத்தில் சற்று முன்னதாக. இவை துணைச் சாட்சிகள், தனியாக நம்ப முடியாது. தாமதமாக வருபவர்களுக்காகவே சென்னை ஐஐடியும் பரிதாபாத் நகரிலுள்ள உயிரியல் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, இந்தியத் தாய்மார்களின் ஸ்கேன் அளவுகளை வைத்து 'கர்பிணி' என்ற கணிப்பு முறையை உருவாக்கி 2024இல் வெளியிட்டார்கள். மேல்நாட்டுக் குழந்தைகளின் அளவை வைத்துச் செய்த அட்டவணை நம் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதால் பிறந்த முயற்சி இது.

சரி, நவம்பர் 6 அன்றே பிறக்குமா? அநேகமாகப் பிறக்காது. குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். முட்டை வெளிவந்த நாளை ஹார்மோன் பரிசோதனையால் துல்லியமாக அறிந்த 125 கர்ப்பங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குறைப்பிரசவங்களை நீக்கிய பிறகும் கர்ப்ப காலம் ஆளுக்கு ஆள் 37 நாள் வரை வேறுபட்டிருந்தது. அளப்பதில் உள்ள பிழை அல்ல இது, உடம்புகளே அப்படித்தான். குழந்தையின் நுரையீரல் முதிர்வது, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவது, கருப்பை வாய் இளகுவது எல்லாம் ஒவ்வொரு கர்ப்பத்திலும் தத்தம் வேகத்தில் நடக்கின்றன.

அப்புறம் எதற்குத் தேதி என்று கேட்டால், அதை வைத்து எடுக்கும் முடிவுகளுக்காக. 34 வாரத்துக்குள் வலி கண்டால் குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்த ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். 41 வாரம் தாண்டினால் வலி வரவழைப்பது பற்றி யோசிக்க வேண்டும். தேதி இரண்டு வாரம் பிசகினால் இரண்டு முடிவுமே பிசகும். 'ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது' என்று இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம். எட்டு மாதக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு ஏழு மாதக் குழந்தையை விட அதிகம்.

12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்குங்கள் என்று அரசு வலியுறுத்துவதில் இந்தப் பயனும் சேர்ந்திருக்கிறது: சீக்கிரம் வருபவருக்குத் தேதி சரியாக அமையும். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் தமிழ்நாட்டின் மகப்பேறு உதவித் திட்டம் நடக்கிறது. அவர் மண்ணுக்கு அருகில் இருக்கும் நாம் அந்தப் பதிவைத் தாமதிக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது காலண்டரில் ஒரு நாளை வட்டமிடவில்லை. அக்டோபர் 16இல் 37 வாரம் முடிகிறது, நவம்பர் 13இல் 41 வாரம். அந்த நான்கு வாரத்தையும் ஆத்தா மஞ்சள் பென்சிலால் தீட்டி வைத்திருக்கிறார். அத்தனை நாளும் வாசலில் கார் நிற்க வேண்டும், ராத்திரிக்கு டிரைவர் ஊரில் இருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. தீபாவளிப் பலகாரத்தை இந்த வருஷம் முன்கூட்டியே சுட்டு வைத்துவிடலாம் என்பது ஆத்தாவின் யோசனை.