நிலாவுக்கடியில் குடியிருக்க எவ்வளவு கனமான கூரை வேண்டும்?

மியூனிக் நகரத்து மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபொன் பவுலா குரூட்ஹூய்சன் 1822-ல் தன் சின்னத் தொலைநோக்கியில் நிலாவைத் துழாவிக்கொண்டிருந்தபோது, ஷ்ரோட்டர் என்ற பள்ளத்துக்கு வடக்கே வரிசையாகச் சில மேடுகளைக் கண்டார். நடுவே ஒரு கோடு, அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். தெருக்கள், மதில்கள் என்று முடிவுகட்டிவிட்டார். நிலாவாசிகளின் மாபெரும் கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக 1824-ல் எழுதி வெளியிட்டார். பெரிய தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு அங்கே ஒழுங்கற்ற பாறைமேடுகள்தான் தெரிந்தன.

அவரைக் கேலி செய்வதற்கு முன் கெப்ளரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று சொன்ன அதே கெப்ளர்தான், நிலாவின் வட்டப் பள்ளங்கள் அங்குள்ளவர்கள் கட்டிய ஊர்கள் என்றும் நம்பினார். நடுவில் ஒரு முளையை அடித்து, கயிறு கட்டி வட்டம் போட்டு, மண்ணைத் தோண்டிக் கரையாகக் குவிக்கிறார்கள். வெயில் நகர நகர அந்தக் கரையின் நிழலோடு தாங்களும் நகர்கிறார்கள் என்று எழுதினார். அவர் இறந்தபின் 1634-ல் அச்சான கனவுக் கதையில், நிலாவின் உயிர்கள் வெயிலுக்குப் பயந்து குகைகளில் ஒடுங்குகின்றன.

காற்றில்லாத நிலா, மேலே பாழடைந்த நகரம், கீழே ஒளிந்து வாழும் கூட்டம். இந்த மூன்றையும் கலந்து அப்புறம் எத்தனையோ கதைகள் வந்துவிட்டன. இயற்பியலை வைத்துப் பார்த்தால், ஆட்களை நிலத்துக்கடியில் அனுப்பியது சரியான முடிவுதான். ஆனால் கதைகள் சொல்லும் காரணம் வெயில், வெற்றிடம். முக்கியமான காரணம் அதைவிடச் சாதாரணமானது: பாறையின் எடை. அதற்கு வருவதற்கு முன், மேலே இருக்கும் காற்றும் நகரமும் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம்.

நிலாவில் காற்று இல்லை என்பதை அங்கே போகாமலே 18-ஆம் நூற்றாண்டில் கண்டுகொண்டார்கள். நிலா நகரும்போது அதன் பின்னால் ஒரு நட்சத்திரம் மறைகிறது அல்லவா? காற்று இருந்தால் அந்த ஒளி விளிம்பில் வளைந்து, மங்கி, மெல்ல மறைய வேண்டும். நிஜத்தில் சட்டென்று அணைகிறது. 1753-ல் வானியலாளர் ரோஜர் போஸ்கோவிச் இதைக் காட்டித்தான் நிலாவுக்கு வளிமண்டலம் இல்லை என்று வாதிட்டார்.

இருந்த காற்று எங்கே போகும்? நிலாவை விட்டுத் தப்பிக்க நொடிக்கு 2.38 கிலோமீட்டர் வேகம் போதும், பூமியில் 11.2 வேண்டும். நிலாவின் நண்பகல் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகமே நொடிக்கு 2.2 கிலோமீட்டரை எட்டிவிடுகிறது. அதை நிறுத்திவைக்க முடியாது. நைட்ரஜன் கனமானது, வேகம் 600 மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அது தானாக ஓடிவிடாது. ஆனால் சூரியனின் புறஊதா ஒளி அதிலிருந்து ஒரு எலெக்ட்ரானைத் தட்டிவிட்டால் மின்னூட்டம் வந்துவிடும். சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்கள், சுமந்துவரும் காந்தப்புலம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். நிலாவுக்கு இன்று மொத்தமாக இருக்கும் வாயு சில பத்து டன்தான். ஆறு அப்போலோ தரையிறக்கங்களும் சேர்ந்து வெளிவிட்ட புகையும் வாயுவும் ஏறக்குறைய அந்த அளவுக்கே இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போதுமே இப்படித்தானா? ஆய்வாளர்கள் டெப்ரா நீதம், டேவிட் கிரிங் இருவரும் 2017-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலாவின் கருத்த சமவெளிகளில் எரிமலைக் குழம்பு பொங்கி நிறைந்த காலத்தில், வெளிவந்த வாயுக்கள் ஒரு மெல்லிய வளிமண்டலமாக ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகள் தங்கியிருக்கலாம் என்றார்கள். அவ்வளவு நீடித்திருக்காது, விட்டுவிட்டுத்தான் இருந்திருக்கும் என்று பிறகு மறுப்பும் வந்தது. இருந்தாலும் அது கார்பன் மோனாக்சைடும் கந்தகமும் கலந்த காற்று. மூச்சுவிட ஆகாது.

சரி, நகரத்துக்கு வருவோம். மழை இல்லை, காற்று இல்லை, வேர்விட்டுச் சுவரைப் பிளக்கும் செடி இல்லை, கல்லைத் திருட ஆளும் இல்லை. அப்படியானால் கட்டியது கட்டியபடி என்றென்றும் நிற்கும் என்று தோன்றும். அங்கேயும் தேய்மானம் உண்டு, வேறு வழிகளில்.

முதலாவது, பகலும் இரவும். நிலாவில் ஒரு முழு நாள் நம் 29 நாள் 12 மணி நேரம். அதற்குள் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு கல் 120 டிகிரியிலிருந்து மைனஸ் 170 வரை போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கல்லின் தோல் விரிந்து சுருங்குகிறது. மயிரிழை விரிசல்கள் நீள்கின்றன. இரண்டாவது, விண்கற்கள். தடுத்து எரிக்கக் காற்று இல்லாததால் தூசி அளவுக் கல்லும் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து அடிக்கிறது. 2013 மார்ச் 17 அன்று சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு கல் விழுந்தபோது எழுந்த ஒளியைப் பூமியிலிருந்து பார்க்க முடிந்தது. அது விட்டுச்சென்ற பள்ளத்தின் அகலம் 18 மீட்டர். மூன்றாவது, நிலநடுக்கம். அப்போலோ வீரர்கள் வைத்த கருவிகள் 1977 வரை பதிந்ததில் 28 அதிர்வுகள் ஆழம் குறைந்தவை. அவற்றில் சில 5.5 அளவைத் தொட்டன. பூமியில் இந்த அளவு நடுக்கம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். நிலாவின் பாறை வறண்டு குளிர்ந்து கிடப்பதால் அதிர்வை உறிஞ்சாது. பத்து நிமிடத்துக்கு மேலும் குலுங்கும். கோபுரங்களும் வளைவுகளும் முதலில் சரியும் என்றே நினைக்கிறேன். குட்டைச் சுவர்கள் தப்பும்.

எவ்வளவு காலம் தப்பும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வயது தெரிந்த பள்ளங்களின் ஓரத்தில் கிடக்கும் பெரிய பாறைகளை எண்ணிப் பார்த்தார் ரஷ்ய ஆய்வாளர் பசிலெவ்ஸ்கி. அவரது குழு 2013-ல் சொன்னது இது: இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பாறைகளில் பாதி 4 முதல் 8 கோடி ஆண்டுகளில் பொடியாகிவிடும், 30 கோடி ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய எல்லாமே போய்விடும்.

இங்கேதான் கதைக்குச் சிக்கல். காற்று இருந்த காலம் 350 கோடி ஆண்டுகளுக்கு முன். இடிபாட்டின் ஆயுள் 30 கோடி. திறந்த வெளியில் மூச்சுவிட்டு வாழ்ந்தவர்கள் கட்டிய நகரம் என்றால் இன்று அதில் ஒரு கல் மிஞ்சியிருக்காது. சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன என்றால், அதைக் கட்டியவர்கள் ஏற்கெனவே நிலத்துக்கடியில் வாழ்ந்துகொண்டு, கவச உடை போட்டு மேலே வந்து கட்டியிருக்க வேண்டும். எதற்காக என்பதைக் கதாசிரியர்தான் சொல்ல வேண்டும்.

கட்டப் பயன்படும் கல் மட்டும் நமக்குப் பழக்கமானது. நிலாவின் வெளிர்நிற மேட்டுநிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற பாறை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அதே வகைப் பாறை கிடைக்கிறது. சந்திரயான் தரையிறங்கு கலங்களைச் சோதிக்க இஸ்ரோவுக்குச் செயற்கை நிலாமண் தேவைப்பட்டபோது, இந்தப் பாறையை அரைத்துத்தான் தயாரித்தார்கள்.

இனி கீழே இறங்கலாம். நிலாமண் வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் 10 வெப்ப உணரிகள் பொருத்திய ஒரு ஊசியை மண்ணுக்குள் செருகியது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல். 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 அளவில். ஒரு விரல் நீளத்துக்குள் 60 டிகிரி வித்தியாசம். அப்போலோ 15, 17 வீரர்கள் துளையிட்டு வைத்த கருவிகள் ஒரு மீட்டருக்குக் கீழே பகலும் இரவும் மைனஸ் 20 அளவிலேயே நின்றன. ஆக, வெயிலுக்குத்தான் பயம் என்றால் ஒரு மீட்டர் ஆழம் போதும். கதிர்வீச்சுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். சீனாவின் சாங்-இ 4 அளந்தபடி நிலாத் தரையில் மணிக்கு 60 மைக்ரோ சீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), பூமியைப் போல் சுமார் 200 மடங்கு. சில மீட்டர் மண் அதைப் பெருமளவு தடுத்துவிடும்.

காற்று விஷயம் அப்படியில்லை. நாம் கவனிக்காமலே சுமக்கும் வளிமண்டல அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் எடைக்குச் சமம். வெளியே வெற்றிடம் இருக்கும் இடத்தில் ஒரு அறைக்குள் அந்தக் காற்றை அடைத்தால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அது 10 டன் விசையோடு மேலே தள்ளும். நிலாவில் ஒரு கூரை நம் தலைமேல் விழுமோ என்ற பயத்தைவிட, பிய்த்துக்கொண்டு மேலே போகுமோ என்ற பயம்தான் அதிகம். குக்கர் ஆவியை அடக்குவது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வெயிட்; இங்கே அந்த வெயிட் பாறை. ஒரு கன மீட்டர் பாறையின் நிறை ஏறக்குறைய 3 டன். நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால் நம் கணக்குக்கு அது அரை டன்தான் அழுத்தும். 10 டன்னைச் சமாளிக்க 20 மீட்டர் தடிமன் வேண்டும். துல்லியமாகப் போட்டால் 21. தளர்ந்த மண்ணைக் குவித்தால் 35 மீட்டர். பூமியில் இதே வேலைக்கு மூன்றரை மீட்டர் பாறை போதும்.

கல்லின் உறுதி போதாதா என்று கேட்கலாம். கல்லை நசுக்குவதுதான் கடினம். இழுத்தால் எளிதில் விரிசல்விடும். உள்ளிருந்து தள்ளும் காற்று இழுக்கத்தான் செய்கிறது. எடையை நம்புவதே பாதுகாப்பு.

அவ்வளவு கனமான கூரையோடு குகை கிடைக்குமா? கிடைக்கும் போலிருக்கிறது. பொங்கி ஓடிய எரிமலைக் குழம்பின் மேற்பகுதி உறைந்து, உள்ளே இருந்தது வடிந்துவிட்டால் சுரங்கம் மிஞ்சும். 2009-ல் ஜப்பானின் ககுயா கலம் மாரியஸ் குன்றுகள் பகுதியில் செங்குத்தான ஒரு குழியைக் காட்டியது. அமைதிக் கடல் எனப்படும் கருத்த சமவெளியில் சுமார் 100 மீட்டர் அகலமுள்ள இன்னொரு குழி இருக்கிறது. இத்தாலியின் ட்ரெண்டோ பல்கலைக்கழகத்தின் கார்ரெர், புரூட்சோனே குழு 2010-ஆம் ஆண்டின் ரேடார் பதிவை மறுபடி அலசி, அந்தக் குழியின் அடியிலிருந்து ஒரு குகை பக்கவாட்டில் பிரிகிறது என்று 2024-ல் அறிவித்தது. ஆழம் 130 முதல் 170 மீட்டர், அகலம் 45, நீளம் 30 முதல் 80 மீட்டர். தேவையான தடிமனைப்போல் பல மடங்கு கூரை. போதாக்குறைக்கு அந்தக் குழியின் நிழல் விழும் பகுதிகள் 17 டிகிரி செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும் என்று 2022-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. சுவர்கள் ஒன்றுக்கொன்று வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்வதால் அது வெளியே தப்புவதில்லை.

உள்ளே நிரப்ப என்ன காற்று? நிலாமண்ணின் நிறையில் 43 சதவீதம் ஆக்சிஜன். பாறைத் தாதுக்களில் பிணைந்து கிடக்கிறது, ஏராளமான ஆற்றல் செலவழித்தால் பிரிக்கலாம். நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை. அதனால் நிலாவாசிகள் அப்போலோ கலங்களில் செய்ததுபோல், மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனையே சுவாசிக்க நேரும். கூரைக்கு அது லாபம், 7 மீட்டர் பாறை போதும். அடுப்பு மூட்டும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு விளக்கு வெளிச்சத்தில் பயிர். நிஜ நிலாமண்ணில் செடி முளைக்கும் என்று 2022-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பார்த்தாகிவிட்டது. முளைத்தது, ஆனால் வளர்ச்சி குன்றியே இருந்தது.

இப்படி ஒரு கூட்டம் உண்மையிலேயே இருந்தால் நமக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த 45 மீட்டர் அகலக் குகையையே எடுத்துக்கொள்வோம். நீளம் 80, உயரம் 30 மீட்டர் என்று வைத்தால் கொள்ளளவு ஒரு லட்சம் கன மீட்டருக்குச் சற்று மேல். நம் காற்றால் நிரப்ப 130 டன் வேண்டும். நிலா முழுவதையும் சுற்றியிருக்கும் வாயுவை விடப் பல மடங்கு! ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் போனால் நிலாவின் வளிமண்டலமே மாறிவிடும். நாசாவின் லாடி கலம் 2013, 2014-ல் மாதக்கணக்கில் அந்த வாயுவை முகர்ந்து பார்த்தது. ஹீலியம், நியான், ஆர்கான் கிடைத்தன. மூன்றுக்கும் சூரியக் காற்றும் பாறைக்குள் நடக்கும் கதிரியக்கச் சிதைவுமே காரணமாகப் போதும்.