பன்னிரண்டாம் தெருவில் ஒரு மணி நேரம்

1967 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 12-ஆம் தெருவும் கிளேர்மவுண்ட் அவென்யூவும் சந்திக்கும் முனையில் கீழே ஓர் அச்சகம், மாடியில் உரிமம் இல்லாத மதுக்கூடம். இப்படிப்பட்ட இடங்களுக்கு அந்த ஊரில் 'குருட்டுப் பன்றி' என்று பெயர். அதிகாலை 3:45 வாக்கில் போலீஸ் மாடியேறியது. இருபது பேர் சொச்சம் இருப்பார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. உள்ளே எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய இரண்டு படைவீரர்களுக்காக நடந்த விருந்து அது.

இத்தனை பேரை ஏற்ற வண்டி இல்லை. வேன்கள் போவதும் வருவதுமாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடிப்போனது. வெக்கையான கோடை இரவு, தெருவில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. வேடிக்கை பார்க்க முதலில் ஒரு சிலர் நின்றார்கள், அப்புறம் ஐம்பது, நூறு, இருநூறு. கைதானவர்களை ஏற்றி முடித்த நேரத்தில் ஒரு காலி பாட்டில் பறந்து வந்து போலீஸ் காரின் பின்கண்ணாடியில் மோதியது.

ஐந்து நாள் கழித்து எல்லாம் அடங்கியபோது 43 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். 7,200 பேருக்கு மேல் கைதாகியிருந்தார்கள். நகரத்துக்குள் ராணுவத்தின் வான்வழிப் படைப்பிரிவுகளே வந்திறங்க வேண்டியிருந்தது.

ஒரு பாட்டிலுக்கு இவ்வளவா? கலவரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். கூடவே ஒரு பதிலும் வரும்: 'கூட்டத்துக்குப் புத்தி கிடையாது, வெறி பிடித்துவிட்டது.' இது சோம்பேறித்தனமான பதில் என்பது என் எண்ணம். கூட்டத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை 1978-இல் எழுதிக் காட்டினார் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர்.

ஒரு தெருமுனையில் நூறு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கிறது. தனக்கு முன்னால் எத்தனை பேர் இறங்கினால் தானும் இறங்குவார் என்பதுதான் அது. தயக்க எண் என்று சொல்லலாம். ஒருவருக்கு அது 0. யாரும் துணைக்கு வராவிட்டாலும் அவர் கல்லெடுப்பார். இன்னொருவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. இப்போது பூஜ்யக்காரர் கல்லை வீசுகிறார். அதைப் பார்த்து 1-காரர் இறங்குகிறார், இருவரைப் பார்த்து 2-காரர். வரிசையாக நூறு பேரும் இறங்கிவிடுவார்கள்.

சரி, ஒரே ஒரு மாற்றம். அந்த 1-காரர் அன்றைக்கு ஊரில் இல்லை, அவர் இடத்தில் இன்னொரு 2-காரர் நிற்கிறார். பூஜ்யக்காரர் கல்லை வீசுகிறார். மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஒருவரைப் பார்த்து இறங்கக்கூடிய ஆள் அங்கே யாருமில்லை. கதை முடிந்தது. மறுநாள் செய்தித்தாளில் முதல் கூட்டத்தைப் பற்றி 'ஊரே வெறிபிடித்து ஆடியது' என்று எழுதுவார்கள், இரண்டாவதைப் பற்றி 'குடிகாரர் ஒருவர் கண்ணாடியை உடைத்தார்' என்று. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆள்.

டெட்ராய்ட்டிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1966 ஆகஸ்டில், நகரின் கிழக்குப் பகுதியில், கெர்ச்சவல் என்ற தெருவில் போலீஸ் சிலரை நிறுத்தி விசாரித்ததில் கைகலப்பு மூண்டது. கல்வீச்சும் நடந்தது. அந்த முறை போலீஸ் தயாராகவும் வேண்டிய ஆள்பலத்தோடும் இருந்தது, போதாக்குறைக்கு மழையும் கொட்டியது. ஆட்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். 1967-இலோ ஞாயிறு அதிகாலை, மொத்த நகரத்திலும் ரோந்தில் இருந்த போலீஸார் இருநூறு பேருக்கும் குறைவு. முதல் சில மணி நேரம் போலீஸ் சுற்றி நின்று பார்த்ததே தவிர, கடைக்குள் நுழைந்தவர்களைத் தடுக்கவில்லை. அது எல்லார் மனதிலும் இருந்த எண்ணை ஒன்றிரண்டு படி இறக்கியது. உள்ளூர்ச் செய்தி நிறுவனங்கள், நிலைமை மோசமாகக் கூடாது என்ற வேண்டுகோளுக்கு இணங்கி, பல மணி நேரம் செய்தியை வெளியிடாமல் வைத்திருந்தன. அன்று பிற்பகல் டைகர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் நடந்தது. மைதானத்துக்கு அப்பால் புகை எழுவது பார்வையாளர்களுக்குத் தெரிந்தது. அந்த அணியின் கறுப்பின ஆட்டக்காரர் வில்லி ஹார்ட்டன் ஆட்டம் முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் 12-ஆம் தெருவுக்குப் போய், கார் மீது ஏறி நின்று, வீட்டுக்குப் போகும்படி கெஞ்சினார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸும் ஒலிபெருக்கியோடு கார் மீது ஏறிப் பேசிப் பார்த்தார். அவர் மீது கல்தான் வந்து விழுந்தது.

பொறி எப்படிப் பரவுகிறது என்பது இதுவரை. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கிரானவெட்டரின் கணக்கு சொல்லாது. ஒரு தெருவில் எல்லாருக்கும் 50, 60 என்று இருக்க, இன்னொரு தெருவில் 1, 2, 3 என்று இருப்பது ஏன்? இதற்கான பதில் கற்களில் இல்லை, காகிதங்களில் இருக்கிறது.

டெட்ராய்ட்டின் வடக்கு ஓரத்தில், எயிட் மைல் சாலைக்குப் பக்கத்தில், ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம், 1941-இல் கட்டியது. கறுப்பினக் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கென்று வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விரும்பியது. அந்த வீடுகளுக்கான கடனுக்கு உத்தரவாதம் தர மத்திய வீட்டுவசதி நிர்வாகம் மறுத்தது. கறுப்பினத்தவர் அருகில் வசிப்பதால் மனை 'ஆபத்தானது' என்பதுதான் காரணம். நிறுவனம் நடுவே சுவரை எழுப்பியது, உத்தரவாதம் கிடைத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றவை கண்ணுக்குத் தெரியாதவை. 1930களில் இன்னொரு மத்திய அமைப்பு, கடன் கொடுப்பதில் உள்ள ஆபத்தைக் கணக்கிட நகரங்களின் வரைபடத்துக்கு நிறம் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. வீட்டுப் பத்திரங்களிலேயே 'இந்த இனத்தவருக்கு விற்கக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தது. அதை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் தரகர்களும் வங்கிகளும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சம்பாதித்தாலும் கறுப்பினத் தொழிலாளிக்குப் பாதி நகரம் பூட்டியே கிடந்தது. திறந்திருந்த பாதியில் நெரிசல், நெரிசலால் ஏறிய வாடகை.

அந்தப் பாதியையும் விட்டுவைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில், சேரி ஒழிப்பு என்ற பெயரில், கறுப்பினத்தவரின் பழைய வட்டாரமான பிளாக் பாட்டத்தை நகர நிர்வாகம் இடித்தது. இடித்த நிலம் பல வருஷம் களை மண்டிக் கிடந்தது. அடுத்து நெடுஞ்சாலை வந்தது. கிறைஸ்லர் ஃப்ரீவே போடுவதற்காக, கடைகளும் இசைக்கூடங்களும் தேவாலயங்களுமாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு காணாமல் போனது.

அந்தத் தெருவில் ஜோ வான் பேட்டில் என்பவர் 1945 முதல் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒலிப்பதிவும் செய்வார். போதகர் சி. எல். ஃபிராங்க்ளினின் பிரசங்கங்களை நாடெங்கும் கொண்டுபோனது அவர் பதிவுசெய்த தட்டுகள்தான். போதகரின் மகள் பதினான்கு வயதில் பாடியதையும் அவர்தான் முதலில் பதிவுசெய்தார். அந்தப் பெண்தான் பின்னாளில் புகழ்பெற்ற பாடகி அரீதா ஃபிராங்க்ளின். ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்தபோது பேட்டில் கடையைத் தூக்கிக்கொண்டு வேறொரு தெருவுக்குப் போனார்.

12-ஆம் தெருவுக்கு.

இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் அங்கேதான் வந்து குவிந்தார்கள். நகரின் சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மக்கள் நெரிசல். பெரிய வீடுகளைத் துண்டு துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதே காலத்தில் தொழிற்சாலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் நகர்ந்தன. 1947-க்கும் 1963-க்கும் இடையில் டெட்ராய்ட் 1,34,000 ஆலை வேலைகளை இழந்தது. வேலை போன பக்கம் வீடு வாங்கிப் போக வெள்ளையருக்குக் கடன் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு மேல் போலீஸ். நகரத்தில் மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்தபோது, போலீஸில் சுமார் 5% பேர்தான் கறுப்பினத்தவர். நான்கு போலீஸார் ஒரு பெரிய காரில் சுற்றுவார்கள். 'பிக் ஃபோர்' என்று பெயர். தெருமுனையில் நிற்கும் வளர்ந்த ஆண்களை 'டேய் பையா' என்று கூப்பிட்டு நிறுத்திச் சோதனை போடுவார்கள். பாட்டில் எறிந்த கையின் நினைவில் இப்படி எத்தனை முனைகள் இருந்தனவோ.

இங்கே ஒரு முரண் வரும். டெட்ராய்ட் மோசமான நகரமாகப் பேர் வாங்கியது அல்ல. மேயர் ஜெரோம் கேவனா கறுப்பினத்தவரின் வாக்கோடு ஜெயித்தவர். வறுமை ஒழிப்புக்கு மத்திய அரசின் நிதி தாராளமாக வந்தது. நாடாளுமன்றத்தில் இரண்டு கறுப்பின உறுப்பினர்கள் அந்த நகரத்திலிருந்து இருந்தார்கள். வறுமைதான் காரணம் என்றால் வேறு ஊர்கள் முதலில் எரிந்திருக்க வேண்டும். பின்னாளில் சமூகவியலாளர் சீமோர் ஸ்பிலர்மன் நகரங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஓர் ஊர் மற்ற ஊரைவிட எவ்வளவு ஏழை என்பதை வைத்துக் கலவரத்தைக் கணிக்க முடியவில்லை. கறுப்பின மக்கள்தொகை எவ்வளவு பெரியது என்பதை வைத்துத்தான் ஓரளவு கணிக்க முடிந்தது. குறை ஊருக்கு ஊர் வேறுபடவில்லை, நாடு முழுக்க ஒன்றுதான் என்று இதைப் படிக்கலாம்.

நேரத்தையும் கவனியுங்கள். நாட்டின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்ட் 6. ஐந்தே நாளில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதி வெடித்தது, 34 பேர் இறந்தார்கள். 'இப்போதுதானே உரிமை கொடுத்தோம்?' என்று வாஷிங்டன் விழித்தது. வாட்ஸ்காரர் ஏற்கெனவே வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார். தெற்கில் 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகையைக் கழற்றினால் ஒரு மாற்றம் கண்ணில் படும். வடக்கிலும் மேற்கிலும் கழற்றுவதற்குப் பலகையே இல்லை. கலிஃபோர்னியாவில் முந்தைய வருஷம்தான், வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடுத்த சட்டத்தை வாக்காளர்களே பொது வாக்கெடுப்பில் தூக்கியெறிந்திருந்தார்கள்.

கலவரக்காரர்கள் யார்? வாட்ஸ் விசாரணைக் குழு, மொத்தக் கறுப்பின மக்களில் சுமார் 2% பேர்தான், உதிரிக் கும்பல் என்றது. அதன் பிறகு நடந்த பல்கலைக்கழக ஆய்வு, அப்பகுதியில் பங்கேற்றவர்கள் சுமார் 15% என்றது. டெட்ராய்ட்டில் ஒரு செய்தித்தாளே களத்தில் இறங்கியது. டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்ஸுக்காக ஃபிலிப் மேயர் என்ற நிருபர், சமூக அறிவியலாளர்களோடு சேர்ந்து வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுத்து, பதில்களைக் கணினியில் போட்டு அலசினார். படிக்காதவர்களும் தெற்கிலிருந்து புதிதாக வந்து நகரத்தில் ஒட்ட முடியாதவர்களும்தான் கலவரம் செய்தார்கள் என்பது அப்போதைய நம்பிக்கை. கணக்கு வேறுவிதமாக வந்தது. கல்லூரி வரை போனவர்களும் பள்ளியை விட்டவர்களும் சம அளவில் இருந்தார்கள். தெற்கில் வளர்ந்தவர்களைவிட வடக்கிலேயே வளர்ந்தவர்கள்தான் அதிகம் இறங்கியிருந்தார்கள். வடக்கு வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

கலவரங்களை விசாரிக்க ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையத்தின் அறிக்கை 1968 மார்ச்சில் வெளியானது. அதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. டெட்ராய்ட் கலவரப் பகுதிகளில் 'நானும் இறங்கினேன்' என்று ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 11%. தடுக்கவும் அமைதிப்படுத்தவும் முயன்றவர்கள் சுமார் 16%. 'ஊரே இறங்கியது' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. சதி எதுவும் இல்லை என்றும் ஆணையம் சொன்னது. மக்கள் சொன்ன குறைகளில் முதல் வரிசையில் மூன்று: போலீஸ், வேலை, வீடு. இறந்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ், தேசியக் காவல்படை ஆகியோரின் குண்டுக்குப் பலியானவர்கள். ஒரு வீட்டில் யாரோ சிகரெட் பற்றவைத்த வெளிச்சத்தைத் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துச் சுட்டதில் நான்கு வயதுச் சிறுமி இறந்தாள்.

ஆணையத்தின் முன் சாட்சி சொன்ன உளவியலாளர் கென்னத் கிளார்க், 1919 சிகாகோ, 1935 ஹார்லெம், 1943 ஹார்லெம், வாட்ஸ் என்று முந்தைய விசாரணை அறிக்கைகளை வரிசையாகச் சொல்லி, ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவதுபோல் இருக்கிறது என்றார். அதே ஆய்வு, அதே பரிந்துரை, அதே செயலின்மை. ஜான்சன் அறிக்கையைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார், நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்க, வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் ஏழே நாளில் கையெழுத்தானது.

பேட்டிலின் கடைக்கு வருவோம். அந்த வாரம் 12-ஆம் தெருவில் கறுப்பினக் கடைக்காரர்கள் கண்ணாடியில் 'சோல் பிரதர்' என்று எழுதி வைத்தார்கள். நம்மவர் கடை, விட்டுவிடுங்கள் என்று பொருள். சில கடைகள் தப்பின. நெருப்புக்கு எழுத்துத் தெரியாது, அன்று காற்றும் பலமாக வீசியது. பேட்டிலின் கடை சூறை போனது. வருஷக்கணக்கில் சேர்த்த ஒலிநாடாக்களில் மிச்சமிருந்தவை தீயணைப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. அவர் மறுபடி கடை திறக்கவில்லை.

அதே வட்டாரத்தில் முடிதிருத்தும் வேலை பார்த்துவந்த ரேமண்ட் பார்க்ஸின் கடையும் சூறையானது. அவர் மனைவியின் பெயர் ரோசா பார்க்ஸ். 1955-இல் தெற்கில் உள்ள மாண்ட்கோமரி நகரில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தவர், வேலை போய், மிரட்டல் தாங்காமல் 1957-இல் டெட்ராய்ட்டுக்குக் குடிவந்திருந்தார். 1976-இல் 12-ஆம் தெருவுக்கு நகராட்சி அவர் பெயரையே சூட்டியது. மதுக்கூடம் இருந்த முனையில் இப்போது ஒரு சிறு பூங்காவும், 2017-இல் வைத்த நினைவுப் பலகையும் இருக்கின்றன.