மருந்து பாட்டிலின் சிவப்பு முக்கோணமும் எலியின் முதுகும்

பூச்சிமருந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சாய்த்து வைத்த ஒரு சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், பச்சை என்றால் அவ்வளவு மோசமில்லை, இது மருந்தடிக்கிற பலருக்கும் தெரியும். நிறத்தை முடிவு செய்யும் அட்டவணை 1971ஆம் ஆண்டின் இந்தியப் பூச்சிக்கொல்லி விதிகளில் இருக்கிறது. அதில் இரண்டு எண்கள்: மருந்து வாய்வழியே எவ்வளவு போனால் கொல்லும், தோல்வழியே எவ்வளவு போனால் கொல்லும். சிவப்புக்கு வாய்வழி 1 முதல் 50 மில்லிகிராம், தோல்வழி 1 முதல் 200. மஞ்சளுக்கு 51 முதல் 500, 201 முதல் 2000. எல்லாமே ஒரு கிலோ உடல் எடைக்கு இவ்வளவு என்ற கணக்கு.

இந்தத் தோல்வழி எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஒரு எலியின் முதுகிலிருந்து.

கொடுத்த விலங்குகளில் பாதி சாகும் அளவை எல்டி50 என்பார்கள். 1927இல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் இதைக் கொண்டுவந்தபோது அவர் நோக்கம் பூச்சிமருந்தே இல்லை, டிஜிட்டாலிஸ், இன்சுலின் மாதிரியான மருந்துகளின் வீரியத்தை ஒரே அளவுகோலில் நிறுத்துவதுதான். அப்புறம் அது எல்லா ரசாயனத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

சோதனை முறையைப் பல நாடுகளும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் கூட்டமைப்பு) வெளியிடும் 402ஆம் சோதனை வழிகாட்டியிலிருந்து எடுக்கின்றன. முதலில் வந்தது 1981இல். எலியின் முதுகிலும் விலாவிலும் இருக்கும் மயிரை முதல் நாளே கத்தரித்துவிடுவார்கள், தோல் கீறக்கூடாது, கீறினால் மருந்து குறுக்குவழியில் உள்ளே போய்விடும். உடல் பரப்பில் சுமார் 10 சதவீதம் திறந்திருக்க வேண்டும். கால் கிலோ எலிக்கு அது கிட்டத்தட்ட 40 சதுர சென்டிமீட்டர். மருந்தை அந்த இடத்தில் சீராகப் பூசி (தூளாக இருந்தால் தண்ணீர் விட்டுக் குழைத்து), மேலே காஸ் துணி வைத்து, தோலை உறுத்தாத பிளாஸ்திரியால் கட்டிவிடுவார்கள். எலிக்குத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கம் உண்டு, கட்டில்லாவிட்டால் மருந்து வாய்க்குள் போய்விடும், தோல்வழிச் சோதனை வாய்வழிச் சோதனையாகிவிடும். 24 மணி நேரம் கழித்துக் கட்டை அவிழ்த்து மிச்சத்தைக் கழுவுவார்கள். 14 நாள் கவனிப்பார்கள்: நடுக்கம், வலிப்பு, எச்சில் வடிதல், வயிற்றுப்போக்கு, சோர்வு, எடை குறைதல். தாங்க முடியாத வேதனையில் இருப்பதை முன்னமே கொன்றுவிடுவார்கள், மிஞ்சியவற்றையும் கடைசியில் கொன்று உள்ளுறுப்புகளைப் பார்ப்பார்கள்.

இதை முயல் தோலில் எரிச்சல் பார்க்கும் சோதனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1944இல் டிரெய்ஸ் என்ற அமெரிக்க நச்சியல் ஆய்வாளர் எழுதியதிலிருந்து வருவது, தோல் சிவக்கிறதா, புண்ணாகிறதா என்பது அதன் கேள்வி. இங்கே தோல் வெறும் வாசல்தான், கேள்வி உள்ளே போய் என்ன செய்கிறது என்பது. தோலுக்கு ஒன்றுமே ஆகாமல் எலி செத்துப்போகலாம்.

அது எப்படி என்றால், தோலின் மேலடுக்கு செத்த செல்களாலும் அவற்றுக்கிடையே இருக்கும் கொழுப்பாலும் ஆனது, தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் தண்ணீரில் கரையும் பொருட்களையும் பெரிய மூலக்கூறுகளையும் அதுதான் தடுத்து நிறுத்துகிறது. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளை அதனால் அவ்வளவாகத் தடுக்க முடிவதில்லை. பாரத்தியான் மாதிரியான பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் இந்த ரகம். ரத்தத்துக்குள் போனதும் நரம்புச் செய்தியை நிறுத்தும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கிவிடும், எச்சிலும் நடுக்கமும் அதனால்தான்.

சரி, எலித்தோலும் நம் தோலும் ஒன்றா? இல்லை. பொதுவாக எலித்தோல் அதிகம் உள்ளே விடும், அதனால் எண் பாதுகாப்பான பக்கம் சாய்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. மனித உடம்பிலேயே இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் உண்டு. 1971இல் மைபாக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரின் குழுவினர் மனிதர்களின் தோலில் மிகச் சிறிதளவு பாரத்தியான் தடவி அளந்தார்கள்: முன்கையில் 9 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளே போனது, விரைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. முதுகில் ஸ்பிரேயர் கசிந்து, லுங்கியோ கால்சட்டையோ நனைந்து, வேர்வையோடு அதே துணியில் பொழுதுக்கும் நிற்கிறவருக்கு நடப்பது, ஒரு நாள் மட்டும் காஸ் துணி கட்டிய எலிக்கு நடந்ததைப் போன்றதல்ல. இவர் அடுத்த நாளும் போவார், அதற்கடுத்த நாளும் போவார். பாட்டிலில் இருக்கும் எண் ஒரே ஒரு தடவை பட்டால் சாகுமா என்பதற்கு மட்டும்தான் பதில்.

அந்தக் குறுகிய கேள்விக்கும் இப்போது எலி தேவையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 592 பூச்சிமருந்துக் கலவைகளின் பழைய முடிவுகளை எடுத்து வாய்வழி எண்ணையும் தோல்வழி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. சுமார் 95 சதவீதத்தில் வாய்வழி எண் தந்த எச்சரிக்கையே தோல்வழி எண் தந்ததற்குச் சமமாகவோ அதைவிடக் கடுமையாகவோ இருந்தது. குடலோடு ஒப்பிட்டால் தோல் நல்ல தடுப்பு, ஆகவே வாய்வழியே குறைவாகக் கொல்லும் மருந்து தோல்வழியே அதிகம் கொல்வது அபூர்வம்தான். 2016இல் அந்த முகமை கலவைகளுக்குத் தோல்வழிச் சோதனையை விட்டுவிடலாம் என்று அறிவித்தது.

அடுத்த வருடமே ஓஇசிடியும் 402ஐத் திருத்தியது. முன்பு ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது 5 விலங்குகள், குறைந்தது 3 அளவுகள். இப்போது 50, 200, 1000, 2000 மில்லிகிராம் என்று நிலையான அளவுகள், ஒவ்வொன்றிலும் ஓரிரு எலிகள்தான். 200இல் தொடங்கி, ஒன்றும் ஆகாவிட்டால் மேலே ஏறுவார்கள், செத்தால் கீழே இறங்குவார்கள். தோலை அரித்துவிடும் என்று ஏற்கெனவே தெரிந்த அமிலத்தையும் காரத்தையும் இந்தச் சோதனைக்குக் கொண்டுவரவே கூடாது. பாதி எலி எந்த அளவில் சாகும் என்று துல்லியமாகத் தேடும் வேலையே இதில் கிடையாது, மருந்து எந்தப் பிரிவில் விழுகிறது என்று தெரிந்தால் போதும், முக்கோணத்துக்கு நிறம் கொடுக்க அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.