மூன்றாமவருக்குப் போடும் ஓட்டு எங்கே போகிறது?

குன்னூர் டீக்கடையில் தேர்தல் பேச்சு வந்தால், "ஜெயிக்கிற ஆளுக்குப் போடு, இல்லேன்னா ஓட்டு வீண்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நான் கேட்டு வளர்ந்த பேச்சு இது. இதில் பாதிதான் உண்மை.

நம் தேர்தலில் ஜெயிக்கப் பாதி ஓட்டு வாங்க வேண்டியதில்லை. மற்ற ஒவ்வொருவரையும்விட ஓர் ஓட்டு அதிகம் வாங்கினால் போதும். நூறு ஓட்டு 40, 35, 25 என்று பிரிந்தால் 40 வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. அந்த 25 பேருக்கு நாற்காலி இல்லை. அடுத்த முறை, பிடிக்காதவர் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவர்களில் பலர் முதல் இருவரில் ஒருவர் பக்கம் சாய்வார்கள். இப்படித்தான் இந்த முறை இரண்டு கட்சிகளையே வளர்க்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஷே 1950களில் விளக்கினார். தமிழ்நாட்டில் அது நீண்ட காலம் இரண்டு கூட்டணிகளாக நின்றது.

சரி, இதே கணக்கை 35 வாங்கித் தோற்றவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்கு இன்னும் 6 ஓட்டு இருந்தால் ஜெயித்திருப்பார். அந்த ஆறும் 25க்குள்தான் இருக்கிறது. அந்த 25 பேரும் பச்சைத் தேயிலைக்கு நியாய விலை கேட்டவர்கள் என்றால், அடுத்த தேர்தலில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வராமல் அவரால் இருக்க முடியாது.

நடந்த கதையே இருக்கிறது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தனியாக நின்ற தேமுதிக எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஒரே ஓர் இடத்தில்தான் வென்றது. அன்று வீண் என்று சொல்லப்பட்ட அந்த ஓட்டுகளின் பலத்தில்தான் 2011இல் அது கூட்டணியில் 41 இடங்கள் பெற்று 29இல் வென்றது. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் எட்டு சதவீதத்தைத் தாண்டியதால் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் இருந்தால் சின்னம் நிலைக்கும். இல்லாததால்தான் அந்தத் தேர்தலில் கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய், மைக் சின்னத்தில் நின்றார்கள்.

டெபாசிட்டும் அப்படித்தான். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் கட்டிய பணம் திரும்பி வரும். ஒரு லட்சம் வாக்கு என்றால் 16,667 வேண்டும். நீலகிரி மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி என்பதால் இங்கே டெபாசிட் 25,000 ரூபாய் இல்லை, 12,500 ரூபாய். கையில் காசு குறைந்த வேட்பாளருக்கு இது பெரிய விஷயம்.

2014இல் இதே நீலகிரியில் 46,559 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம் அதுதான். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் டெபாசிட் கணக்கில் நோட்டா சேராது, எந்தக் கட்சியின் சதவீதத்தையும் அது கூட்டாது. அதே விரல் ஒரு சிறிய கட்சி வேட்பாளரை அழுத்தியிருந்தால், அவர் பெயருக்கு எதிரே அந்த எண்ணிக்கை ஏறியிருக்கும்.

அப்புறம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தானே இதெல்லாம்! நம் மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் மூன்றும்தான் நீலகிரி மலை. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் பெரும்பாலும் சமவெளி. மலையில் ஒரு பெயர் விட்டுப்போனால் மலையின் எடை அவ்வளவு குறைகிறது. எஸ்டேட் மாறும் தொழிலாளர்களின் பெயர் பெரும்பாலும் பழைய லைன் வீட்டு முகவரியிலேயே கிடக்கிறது. முகவரி மாற்றப் படிவம் 8, புதிதாகச் சேரப் படிவம் 6. சொந்த வீடு தேவையில்லை, வழக்கமாக அங்கே குடியிருந்தால் போதும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 நிறைந்தவர்கள் சேரலாம். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்குப் புதிய பெயர் ஏறாது.