ஒரு பெரிய மீனும் 28 சின்ன மீன்களும்

"ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. அப்புறம் எப்படிக் கடலில் மீன் இல்லாமல் போகும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 1883இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் பேசிய ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியும், காட் போன்ற பெரும் கடல்மீன் வளங்கள் தீரவே தீராது என்றுதான் நம்பினார். ஆனால் 1992 ஜூலையில், தன் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் பிடிப்பதையே கனடா நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். பிழைப்பு தேடி இளைஞர்கள் வெளியேற, கரையோர ஊர்கள் வெறிச்சோடின.

பிறப்பதைவிட வேகமாகப் பிடித்தால் மீன் குறையும். முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை வளருமுன்பே வேறு உயிர்களுக்கு இரையாகிவிடும். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அந்த முட்டைகளை இடுவது யார் என்று பார்த்தால் கதை வேறு.

30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் மீனை எடுத்துக்கொள்வோம். இன்னொரு பக்கம் 2 கிலோ மீன்கள் 28. இவற்றின் மொத்த எடை 56 கிலோ. எந்தப் பக்கம் முட்டை அதிகம்? அந்த ஒற்றை மீன்தான் அதிகம் இடுகிறது! 2018இல் வெளியான ஓர் ஆய்வு நூற்றுக்கணக்கான மீனினங்களை அலசி, பெரும்பாலானவற்றில் இதே போக்கைக் கண்டது. எடை இரு மடங்கானால் முட்டை இரு மடங்குக்கும் மேலே போகிறது. இளம் மீன் தின்பதில் பெரும்பங்கு உடம்பு வளரவே செலவாகிறது. வளர்ச்சி மெதுவாக மெதுவாக, மிச்சமாகும் ஆற்றல் சினைக்குப் போகிறது.

எண்ணிக்கை மட்டுமா? கருப்பு ராக்ஃபிஷ் என்ற மீனின் குஞ்சு பிறக்கும்போதே உடலில் ஒரு சிறிய எண்ணெய்த் துளியைக் கொண்டுவரும். இரை கிடைக்காத முதல் சில நாட்களுக்கு அதுதான் தாய் கொடுத்தனுப்பும் கைமுதல். வயதான தாயின் குஞ்சுகளுக்கு இந்தத் துளி பெரிது. அவை வேகமாக வளர்கின்றன, பட்டினியையும் அதிக நாள் தாங்குகின்றன. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குஞ்சின் பிழைப்பை ஒரு சொட்டு எண்ணெய் முடிவு செய்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நாம் வலையில் முதலில் வாரிக்கொள்வது இந்தத் தாய்களைத்தான். வலையின் கண்ணி பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. சின்னது தப்பிக்கும், பெரியது மாட்டும். குஞ்சுகளைக் காக்க வந்த விதி அது, தேவையும்கூட. ஆனால் தாயை அது காப்பதில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்து, சிலவற்றில் பெரிய மீன்களையும் சிலவற்றில் சிறிய மீன்களையும் தலைமுறைதோறும் 90 விழுக்காடு அகற்றினார்கள். நான்கே தலைமுறையில், சிறியதை அகற்றிய தொட்டி மீன்களின் எடை மற்றவற்றைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதாவது பெரியதையே பிடித்தால் மெதுவாக வளரும் பரம்பரைதான் மிஞ்சும். நியூஃபவுண்ட்லாந்து காட் மீன்களும், தடைக்கு முந்தைய ஆண்டுகளில், முன்பைவிடச் சிறிய வயதிலேயே, சிறிய உடலோடு பருவமடையத் தொடங்கியிருந்தன.

இந்த மாற்றங்களைக் கண்டுபிடிக்க ஆண்டுதோறும் மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை, அதாவது செவிக்கல்லை, அறுத்து, மரத்தின் வளையம்போல அதிலுள்ள வளையங்களை எண்ணி வயது குறிக்க வேண்டும். பத்து, இருபது ஆண்டு விடாமல் செய்தால்தான் பயன். இரண்டு மூன்று ஆண்டுத் திட்டங்களுக்கே நிதி ஒதுக்கும் வழக்கம் இதைக் கொன்றுவிடும். பளிச்சென்ற முடிவுகளுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது இந்தப் பொறுமையான எண்ணும் வேலைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தூண்டிலில் பிடிப்பவர்கள் குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழுள்ளதையும் மேலுள்ளதையும் உயிரோடு விட்டுவிடும் விதி சில இடங்களில் இருக்கிறது. இழுவை வலையால் அப்படிப் பொறுக்கி விட முடியாது. அதனால்தான் மீன்பிடிக்கவே கூடாத கடற்பகுதிகள் தேவைப்படுகின்றன. அங்கே மீன் கிழடாகும்வரை வாழலாம். அது இடும் முட்டைகளும் குஞ்சுகளும் நீரோட்டத்தில் மிதந்து, எல்லைக்கு வெளியே வலை வீசுபவர்களின் கடலுக்கும் போய்ச் சேரும்.